மண்களத்துக்கும் ஏலமேடைக்கும் இடையில்: தமிழ் தலைவாஸ் அணியின் பயிற்சியும் வீரர் சேர்ப்பும்

1. கேள்வி

திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள சமவெளியில், வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று எந்தத் திக்கில் சென்றாலும், தைப் பொங்கலை ஒட்டியும் மாரியம்மன் திருவிழாக்களை ஒட்டியும் நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிகளின் சுவரொட்டிகள் கண்ணில் படாமல் போவதில்லை. மாலையில் தண்ணீர் தெளித்து இறுகச் செய்த மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு, விடிய விடிய விளையாடி, விடிந்தபின் சுழற்கோப்பையைத் தோளில் சுமந்து ஊர் திரும்பும் இளைஞர்களுக்கு இவ்வட்டாரத்தில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. இத்தகைய களங்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் உண்டு என்பதும், 1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுகளில் கபடி சேர்க்கப்பட்ட காலந்தொட்டு இந்திய அணிக்குத் தமிழ் மண் ஆட்டக்காரர்களை அளித்துவந்திருக்கிறது என்பதும் யாவரும் அறிந்த விஷயங்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் இருந்ததையும், பின்னர் அர்ஜுனா விருது பெற்றதையும் நினைவுகூர்ந்தால் போதும்.

ஆயினும், தமிழ்நாட்டின் பெயரையே தன் பெயராகத் தாங்கி 2017 முதல் புரோ கபடி லீக்கில் ஆடிவரும் தமிழ் தலைவாஸ் அணி, தான் கலந்துகொண்ட எட்டு பருவங்களில் ஒரே ஒரு முறைதான் பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைந்திருக்கிறது. ஆட்டத்தில் தேர்ந்த ஒரு நாட்டின் பெயரில் நிற்கும் அணி இவ்வாறு தளர்ந்து கிடப்பதற்குப் பயிற்சியாளர்கள் காரணமா, ஏலத்தில் ஆளெடுத்த முறை காரணமா, அல்லது இவ்விரண்டுக்கும் அடியில் வேறொரு குறை உண்டா என்பதை, கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு பட்சபாதமின்றிப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. எட்டு பருவங்களின் கணக்கு

2014இல் எட்டு அணிகளுடன் ஆரம்பமான புரோ கபடி லீக், 2017இல் பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோது, தமிழ் தலைவாஸுடன் சேர்ந்து குஜராத், ஹரியாணா ஸ்டீலர்ஸ், உ.பி. யோதா ஆகிய மூன்று அணிகளும் புதிதாகத் தோன்றின. நான்கும் ஒரே விதிகளின் கீழ், ஒரே ஏலத்தில், ஒரே தொகை வரம்புக்குள் வீரர்களைத் திரட்டியவை ஆதலால், இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட நியாயமான அளவுகோல் நமக்கு வேறில்லை.

குஜராத் அணி தன் முதல் இரண்டு பருவங்களிலுமே இறுதியாட்டம் வரை சென்றது. உ.பி. யோதா தன் முதல் ஐந்து பருவங்களிலும் பிளே ஆஃப் தகுதி பெற்றது. ஹரியாணா ஸ்டீலர்ஸ் சற்றுத் தாமதித்தாலும் பத்தாவது பருவத்தில் இறுதியாட்டத்தை அடைந்து, 2024 டிசம்பரில் பட்னா பைரேட்ஸை 32-23 என்ற கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. தமிழ் தலைவாஸோ 2017லும் 2018-19லும் தன் பிரிவில் கடைசி இடம். 2019இல் பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாம் இடம். கொரோனா இடைவெளிக்குப் பின் 2021-22இல் பதினோராம் இடம். 2022இல் ஐந்தாம் இடமும் அரையிறுதியும். அதன்பின் தொடர்ந்து இரண்டு பருவங்களில் ஒன்பதாம் இடம். எட்டு அணிகளுக்கு மேல்சுற்று வாய்ப்பளித்த 2025ஆம் ஆண்டுப் பருவத்திலும் அந்த எட்டினுள் இடமின்மை. இதுவே அதன் சரித்திரம்.

இவ்வரிசையைக் கூர்ந்து நோக்கும்போது இரண்டு விஷயங்கள் புலப்படுகின்றன. முதலாவது, தோல்வி ஓரிரு ஆண்டுகளின் துரதிர்ஷ்டத்தால் நேர்ந்ததன்று. அது நிலைத்த சுபாவமாகவே படிந்திருக்கிறது. இரண்டாவது, 2022இல் கிட்டிய உயர்வு அடுத்த ஆண்டிலேயே கரைந்துபோயிற்று. அதாவது, ஏறியதைக் காத்துக்கொள்ளும் சக்தி அணிக்கு இல்லை. எந்த விளக்கம் சொல்லப்பட்டாலும் அது இவ்விரண்டு உண்மைகளுக்கும் பொருந்தியாக வேண்டும்.

3. பயிற்சியாளரே குற்றவாளியா?

தோற்ற அணியைப் பற்றி எழும் முதல் அபிப்பிராயம், பயிற்சியாளர் சரியில்லை என்பதே. தேநீர்க்கடைப் பேச்சு முதல் தொலைக்காட்சி விவாதம் வரை எங்கும் கேட்கும் இக்கூற்றைச் சான்றுகள் ஆதரிக்கின்றனவா என்று பார்ப்போம்.

அணியின் தொடக்ககாலப் பயிற்சியாளரான காசிநாதன் பாஸ்கரன், 2014இல் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் லீக்கின் முதற் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற எடச்சேரி பாஸ்கரன், 2015இல் யு மும்பாவைச் சாம்பியனாக்கியவர். 2025இல் வந்த சஞ்சீவ் பலியான், 2022இல் ஜெய்ப்பூருக்கு இரண்டாவது கோப்பையைப் பெற்றுத் தந்தவர். இடையில் இருந்த அஷன் குமார், வாழ்நாள் சேவைக்காக 2021இல் துரோணாச்சாரியர் விருது பெற்றவர், ஜே. உதயகுமாரும் இந்திய அணியைப் பயிற்றுவித்த அனுபவம் உடையவர். வேறிடங்களில் கோப்பை வென்ற மூன்று பயிற்சியாளர்கள் ஒரே அணிக்கு வந்தும் கோப்பை வரவில்லை என்றால், குறை அவர்களுடைய சாமர்த்தியத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கு இடமில்லை.

ஆனால் இவர்களுக்குத் தரப்பட்ட காலம் எவ்வளவு என்ற கேள்வி வேறு. 2019 பருவத்தின் நடுவிலேயே எடச்சேரி பாஸ்கரன் விலக, உதயகுமார் வந்தார். 2022 பருவத்தின் நடுவில் உதயகுமாரின் இடத்துக்கு அஷன் குமார் வந்தார். 2024இல் மீண்டும் உதயகுமாரும், அவருடன் வியூகப் பயிற்சியாளராகத் தர்மராஜ் சேரலாதனும் வந்தனர். 2025இல் மறுபடியும் மாற்றம். எட்டு பருவங்களில் இரண்டு முறை ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே தலைமை கைமாறியிருக்கிறது. பருவங்களுக்கு இடையிலும் பொறுப்பு திரும்பத் திரும்ப இடம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு பயிற்சியாளரும் தமக்கெனத் தனி ஆட்டமுறை, தமக்குப் பிடித்த வீரர் வகை, தமக்குப் பழகிய உதவியாளர்கள் என்று ஒரு முழு உலகத்தையே கொண்டுவருகிறார் ஆதலால், தலைமை மாறும்போதெல்லாம் அணி பழையதை மறந்து புதியதைக் கற்கவேண்டியிருந்தது.

இதற்கு எதிரான சான்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவது ஆய்வுக்கு அழகு. அணியின் ஒரே வெற்றிப் பருவமான 2022, பயிற்சியாளர் நடுவில் மாறிய பருவம். அதற்கடுத்த பருவத்தில் அதே அஷன் குமார் நீடித்தும் அணி ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. ஆகவே, பயிற்சியாளரை நீடிக்க வைத்தாலே வெற்றி வந்துவிடும் என்ற எளிய சூத்திரமும் நிற்காது. விடையைத் தேடி ஏலமேடைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

4. ஏலமும் பெரும்பெயர்களும்

2019 பருவத்துக்கான அணியை நோக்குக. இந்தியாவின் தலைவராக இருந்தவரும் அவ்வாண்டே பத்மஸ்ரீ பெற்றவருமான அஜய் தாக்கூர், பிடித்தாட்டத்தில் பெரும் புகழ் பெற்ற மஞ்சீத் சில்லர் ஆகிய இருவரும் ஏற்கெனவே அணியில் இருக்க, 94 லட்சம் ரூபாய் கொடுத்து ராகுல் சௌத்ரியும் சேர்க்கப்பட்டார். அன்றைக்கு இதைவிடப் புகழ் மிகுந்த பெயர்ப்பட்டியல் லீக்கில் அரிது. அந்த அணிதான் 22 ஆட்டங்களில் 4 மட்டும் வென்று கடைசி இடத்தில் முடிந்தது. மூவரும் தத்தம் உச்சத்தைக் கடந்துகொண்டிருந்த பருவத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டவர்கள் என்பதும், நெருக்கடியான தருணத்தில் ரெய்டுக்கு யார் செல்வது என்ற முறை தெளிவுபடவில்லை என்பதும் அப்போதே பலர் கண்ட குறைகள்.

2022 ஏலத்தில் பவன் செஹ்ராவத் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு வாங்கப்பட்டார். லீக்கின் வரலாற்றில் அதுவரை எவருக்கும் தரப்படாத தொகை அது. ஓர் அணி செலவிடக்கூடிய மொத்த வரம்பு அப்போது 4 கோடியே 40 லட்சம் என்பதைச் சேர்த்து நோக்கினால், மொத்தச் செல்வத்தில் பாதிக்கு மேல் ஒரே மனிதரின் முழங்காலின் மேல் வைக்கப்பட்டது என்பது விளங்கும். அந்த முழங்கால் முதல் ஆட்டத்திலேயே, சில நிமிஷங்களில் காயமுற்றது. பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2024இல் வரம்பு 5 கோடியாக இருந்தபோது சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம், அதாவது ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். அணி ஒன்பதாம் இடம். 2025இல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40 லட்சத்துக்குச் சற்று மேல். கூடவே பவன் செஹ்ராவத்தும் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் திரும்ப வாங்கப்பட்டார். பருவம் தொடங்கிச் சில வாரங்களுக்குள், ஒழுங்கு காரணங்களைச் சுட்டி அவர் அணியிலிருந்து நீக்கப்பட்டதாக நிர்வாகம் அறிவிக்க, அவர் அக்குற்றச்சாட்டைப் பகிரங்கமாக மறுத்தார். எப்பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நாம் இங்கே முற்படவில்லை; நம்பிக்கையின் பெரும்பகுதியை ஓரிருவரிடம் ஒப்படைக்கும் அணி, அவர்கள் விலகும்போது எவ்வளவு நிராதரவாகிவிடுகிறது என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

பெரும்விலையே பெருந்தீமை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 2023இல் தெலுகு டைட்டன்ஸ் அதே பவனை 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கி, அப்பருவத்தில் 2 ஆட்டங்கள் மட்டும் வென்று கடைசி இடத்தில் நின்றது என்பது உண்மை. 2024இல் ஹரியாணா ஸ்டீலர்ஸ் ஈரானியரான முகமத்ரேசா ஷாத்லூயியை 2 கோடியே 7 லட்சத்துக்கு வாங்கிக் கோப்பையை வென்றது என்பதும் அதே அளவு உண்மை. வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஹரியாணாவில் 2022 முதல் மன்பிரீத் சிங் பயிற்சியாளராக நிலைத்திருந்தார். ஜெய்தீப் தஹியா, ராகுல் சேத்பால் முதலிய இளம் தடுப்பாட்டக்காரர்கள் ஒன்றாக வளர்ந்து, முந்தைய பருவத்திலேயே இறுதியாட்டத்தை எட்டியிருந்தார்கள். அஸ்திவாரமும் சுவரும் நின்ற வீட்டுக்கு அவர்கள் உத்தரம் வாங்கினார்கள். தமிழ் தலைவாஸ் உத்தரத்தை முதலில் வாங்கிவிட்டு, அதைத் தாங்கும் சுவரைத் தேடிற்று.

5. ஏழு பேரின் பிடி: 2022 தரும் சான்று

கபடியில் தொடர்ச்சிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதை ஆட்டத்தின் உள்ளமைப்பிலிருந்தே விளக்கலாம். ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்க்களத்தில் நிற்கும் முப்பது விநாடிகளில், எழுவர் ஒரே உடலாக அசைய வேண்டும். கார்னரில் நிற்பவன் தாழ்ந்து பாய்ந்து கணுக்காலைப் பற்றுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பற்றிய அதே கணத்தில் பக்கத்துக் கவரில் நிற்பவன் இடுப்பை அடைத்திருக்க வேண்டும். எதிர்ப்புறச் சங்கிலியில் உள்ளவர்கள் நடுக்கோட்டுக்குச் செல்லும் வழியை மறித்திருக்க வேண்டும். கவர்க்காரன் அரை விநாடி தாமதித்தால், பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு ரெய்டர் கோட்டில் கைவைத்துவிடுவான். தாமதித்து வந்தவன் அவனைத் தொட்டிருந்தால் அவனும் சேர்ந்து வெளியேறுவான். கார்னர்க்காரன் எப்போது பாய்வான் என்பதை அவன் தோள் சாய்வதைக் கண்டே கவர்க்காரன் அறிய வேண்டும். அந்த அறிவு, ஒரே ஜோடி பல மாதங்கள் சேர்ந்து ஆடினாலன்றிச் சித்திக்காது. ரெய்டரை விலைக்கு வாங்கலாம். இந்தப் பரஸ்பரப் புரிதல் எந்த ஏலப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

2021-22 பருவத்தில் தமிழ் தலைவாஸ் 5 ஆட்டங்கள்தான் வென்றது, பதினோராம் இடம்தான். ஆனால் அந்தத் தோல்விப் பருவத்தில்தான் வலது கார்னரில் சாகர் ராட்டி 82 பிடிப் புள்ளிகள் ஈட்டினார். இடது கார்னரில் சாஹில் குலியாவும், கவரில் நம் எம். அபிஷேக் முதலியோரும் அவருடன் ஆடிப் பழகினர். ஆறு ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. எளிதில் வீழாத தடுப்பு ஒன்று உருவாகிக்கொண்டிருந்ததற்கு அது அறிகுறி. 2022இல் பவன் காயமுற்று வெளியேறியபோது, ஏலத்தில் எவரும் பெரும்விலை பேசியிராத இளைஞரான நரேந்தர் ரெய்டின் பொறுப்பை ஏற்று, தம் முதற் பருவத்திலேயே 243 ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார். எலிமினேட்டரில் உ.பி. யோதாவுடன் 36-36 என்று சமன் செய்து, டைபிரேக்கரில் 6-4 என்று வென்ற அணி, அரையிறுதியில் புனேரி பல்டனிடம் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் தோற்றது.

இங்கேதான் முன்னர் சொன்ன முரண்பாட்டுக்கு விடை கிடைக்கிறது. 2022இல் பயிற்சியாளர் மாறியும் அணி எழுந்ததற்குக் காரணம், களத்தில் நின்ற தடுப்பு மாறவில்லை என்பதே. அடுத்த பருவத்தில் பயிற்சியாளர் நீடித்தும் அணி சரிந்தது, நரேந்தரின் ஆட்டத்தை மற்ற அணிகள் படித்துக்கொண்ட நிலையில், அவருக்குத் துணை நிற்கும் இரண்டாவது, மூன்றாவது ரெய்டர் உள்ளிருந்தே வளர்ந்து வராததனால் என்று கொள்வது பொருத்தமாகும். அதற்கு நிர்வாகம் கண்ட பரிகாரம் 2024இல் மறுபடியும் ஒரு பெருவிலை ரெய்டர், மறுபடியும் ஒரு பயிற்சியாளர் மாற்றம். விளைந்த வித்தை விட்டுவிட்டு, விளையாத முறைக்கே அணி திரும்பிச் சென்றது.

6. ரக்பி உலகத்திலிருந்து இரு உதாரணங்கள்

உடலோடு உடல் மோதி, ஆளைப் பிடித்து நிறுத்துவதை உயிராகக் கொண்ட மற்றொரு ஆட்டமான ரக்பியில் இதே பிரச்சினை எப்படித் தோன்றித் தீர்ந்திருக்கிறது என்பதைப் பார்ப்பது பயன் தரும். நியூசிலாந்தின் குரூசேடர்ஸ் அணி, ஸ்காட் ராபர்ட்சன் பயிற்சியில் 2017 முதல் 2023 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பட்டங்களை வென்றது. அவர் தேசிய அணிக்குச் சென்றபின் 2024இல் ராப் பென்னி பொறுப்பேற்க, அணி 14 ஆட்டங்களில் 10 தோற்று ஒன்பதாம் இடத்துக்கு வீழ்ந்தது. இத்தகைய வீழ்ச்சிக்குப் பின் பயிற்சியாளரை அனுப்பிவிடுவதே உலக வழக்கம். குரூசேடர்ஸ் அவரை வைத்துக்கொண்டது. 2025இல் அதே பென்னியின் கீழ் இறுதியாட்டத்தில் சீஃப்ஸ் அணியை 16-12 என்று வென்று மீண்டும் பட்டம் பெற்றது. அயர்லாந்தின் லைன்ஸ்டர் அணி, தன் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்தே பெரும்பாலான வீரர்களைத் தன் பயிற்சிக்கூடம் வழியாக வளர்த்து, 2009, 2011, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. வெளிநாட்டு வீரர்களை அது வாங்காமலில்லை, ஆனால் வளர்த்தவர்களிடையே உள்ள இடைவெளிகளை நிரப்பவே வாங்கிற்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2025 ஜூனில் மும்பையில் இரண்டே வாரங்களில் நடந்து முடிந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில், சென்னை புல்ஸ் அணி வெளிநாட்டுப் பயிற்சியாளரையும் வெளிநாட்டு வீரர்கள் பலரையும் கொண்டு, இறுதியாட்டத்தில் டெல்லி ரெட்ஸை 41-0 என்று வென்றது. குறுகிய போட்டியில் திரட்டிய அணி வெல்ல முடியும் என்பதற்கு இது சான்று. இரண்டு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கபடிப் பருவத்தில், காயங்களும் தளர்ச்சியும் அணியின் ஆழத்தைச் சோதிக்கையில், திரட்டியது உதிர்கிறது; வளர்த்தது நிற்கிறது.

7. திண்டுக்கல் சமவெளியிலிருந்து பார்க்கையில்

வளர்த்தல் என்ற சொல் நம்மை மறுபடியும் மாவட்டங்களுக்கு அழைத்து வருகிறது. திண்டுக்கல்லுக்குத் தொழில்முறை விளையாட்டு அந்நியமானதன்று. தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் திண்டுக்கல் டிராகன்ஸ் 2016 முதல் ஆடிவருகிறது. நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் பல ஆண்டுகளில் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2018, 2019 இறுதியாட்டங்களில் தோற்ற அவ்வணி, 2024இல் அஸ்வின் தலைமையில் முதன்முறையாகக் கோப்பை வென்றது. அதைவிட நமக்கு முக்கியமானது வேறொன்று. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன், 2016இல் திண்டுக்கல் டிராகன்ஸுக்காக வீசிய யார்க்கர்களால் வெளியுலகின் கவனத்தைப் பெற்று, 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்குப் பஞ்சாப் அணியால் எடுக்கப்பட்டார். கிராமத்துப் பையனுக்கும் தேசிய ஏலத்துக்கும் இடையில் கிரிக்கெட்டில் படிகள் இருக்கின்றன என்பதற்கு அவர் பிரத்தியட்ச சாட்சி.

கபடியில் அந்தப் படிகள் எங்கே அறுபடுகின்றன என்பதை ஓர் எடைப்பிரிவுப் போட்டியின் மாலைநேரத்தில் நேரிலேயே காணலாம். கமிட்டி மேசைக்குப் பக்கத்தில் எடைமெஷின் வைக்கப்பட்டிருக்கும். 55 கிலோப் பிரிவுக்குப் பெயர் கொடுத்த பையன் ஒவ்வொருவனும் சட்டையைக் கழற்றிவிட்டு அதில் ஏறுவான். அரைக்கிலோ கூடிவிட்டவன் களத்தைச் சுற்றி வியர்க்க வியர்க்க ஓடிவிட்டு மறுபடியும் வந்து நிற்பான்; அன்று மத்தியானம் அவன் சாப்பிட்டிருக்கமாட்டான். எடையைக் கடந்தவன் நள்ளிரவு வரை காத்திருந்து, வெறுங்காலுடன் மண்ணில் இறங்கி, அபாரமாக ஆடுவான். மூத்தோர் பிரிவில் 85 கிலோ வரை அனுமதிக்கும் ஓர் ஆட்டத்தின் உச்சத்துக்குச் செல்ல வேண்டியவன், வளரும் வயதில் உடலைக் குறைத்துக்கொள்ளப் பழகுகிறான். பரிசுப் பணமும் புகழும் குறைந்த எடைப் பிரிவில் இருப்பதால் அவனைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த தடை 'மேட்' எனப்படும் விரிப்பு. லீக் ஆட்டம் மேட்டில், காலணி அணிந்து, 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் நடக்கிறது. மண்ணில் வழுக்கிச் சென்று கணுக்காலைப் பற்றப் பழகியவனுக்கு, மேட்டில் பாதம் சட்டென்று நின்றுவிடுகிறது. திருப்பத்தின் பாரம் முழங்காலில் இறங்குகிறது. மண்ணில் தேர்ந்தவன் மேட்டில் முதல் சில மாதங்கள் தடுமாறுவது அவன் ஆற்றலின் குறைவால் அன்று. அந்தச் சில மாதங்களை அவனுக்குக் கொடுக்கும் ஸ்தாபனம்தான் இல்லை. மின்வாரியம், ரயில்வே, காவல்துறை முதலிய துறைகளின் அணிகள் முன்பு ஓரளவு இப்பணியைச் செய்தன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் அரசு விளையாட்டு விடுதிகளும் இன்று திறமையை அடையாளம் காண உதவுகின்றன. ஆனால் அடையாளம் காணப்பட்டவனைத் தொழில்முறை அணியின் வாசல் வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பை எவரும் முறையாக ஏற்றதாகத் தெரியவில்லை.

இதன் விளைவு வரலாற்றில் பதிந்திருக்கிறது. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன், 2016இல் பட்னா பைரேட்ஸின் தலைவராகக் கோப்பை வென்று, அதே ஆண்டு உலகக் கோப்பை இந்திய அணியிலும் இடம்பெற்று, பல மாநிலங்களின் அணிகளுக்காக ஆடினார். தமிழ் தலைவாஸின் சட்டையை ஆட்டக்காரராக அணியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை, பயிற்சியாளராகத்தான் வந்தார். கே. பிரபஞ்சன் தலைவாஸில் தொடங்கி, குஜராத்துக்கும் வங்காளத்துக்கும் சென்று, 2019இல் பெங்கால் வாரியர்ஸின் கோப்பை வெற்றியில் பங்குகொண்ட பிறகே திரும்பி வந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுகளில், சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கம் வென்ற இந்திய அணிகளில் இருந்தார்கள் என்பது, ஊற்று இன்னும் வற்றவில்லை என்பதற்கு அண்மைச் சான்று.

உள்ளூர்க்காரர்களை மட்டும் எடுத்தால் வெற்றி நிச்சயம் என்று இதனால் வாதிப்பதாகக் கொள்ளவேண்டாம். ஹரியாணாவின் பர்தீப் நர்வாலைக் கொண்டு பட்னா தொடர்ந்து மூன்று கோப்பைகள் வென்றது. தலைவாஸின் சிறந்த தடுப்பே சாகரையும் சாஹிலையும் அச்சாணியாகக் கொண்டதுதான். பிறந்த ஊர் முக்கியமன்று. சேர்ந்து வளர்ந்த காலமே முக்கியம். ஆனால் 2022லும் 2024லும் தமிழ்நாட்டில் ஒரு லீக் ஆட்டமும் நடவாத நிலையில், வீடற்று ஊரூராகச் சென்று ஆடும் அணிக்கு, ஆண்டு முழுவதும் சேர்ந்து வளரக்கூடிய வீரர்கள் மிக அருகில் கிடைப்பது இந்த மாவட்டங்களில்தான் என்பதை யார் மறுக்க முடியும்?

8. முடிவு

இதுவரை எடைபோட்ட சான்றுகளிலிருந்து பெறப்படும் முடிவு இது: தமிழ் தலைவாஸின் தளர்ச்சிக்குப் பயிற்சியாளர்களின் திறமைக் குறைவோ பணக் குறைவோ காரணமன்று. தோல்வி வந்தபோதெல்லாம் மேலிருந்து மாற்றத் தொடங்கியதும், மாற்றியதற்குப் பலன் கனியக் காலம் தராததும், அடியிலிருந்து வருவதற்குப் படி அமைக்காததுமே காரணம். 2022இல் அணி தன்னையறியாமலேயே சரியான வழியில் கால்வைத்தது. அவ்வழியை அடையாளம் கண்டு தொடராமல் விட்டதே அதன் பெரும் பிழை.

பரிகாரங்கள் அரியவை அல்ல. பயிற்சியாளருக்கு மூன்று பருவங்களுக்குக் குறையாத ஒப்பந்தம் தந்து, முதற் பருவத்தின் தோல்வியைக் காரணமாக்கி அதை முறிக்காமலிருத்தல். ஒரே வீரருக்கு மொத்தத் தொகையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் செலவிடுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு நியதி விதித்துக்கொள்ளுதல். கார்னர்களையும் கவர்களையும் கலைக்காமல் தக்கவைத்தல். திண்டுக்கல் போன்ற மாவட்டத் தலைநகர்களின் விளையாட்டரங்குகளில் விளையாட்டு ஆணையத்துடன் சேர்ந்து மேட் விரித்து, பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களுக்கு உணவும் உடற்பயிற்சியும் உள்ளிட்ட ஆண்டுமுழுப் பயிற்சி அளித்தல். ஊர்க் கமிட்டிகள் தம் பங்காக, குறைந்த எடைப் பிரிவுகளுக்குத் தரும் பரிசை மூத்தோர் பிரிவுக்கும் சமமாக்கி, பையன்கள் பட்டினி கிடப்பதைத் தவிர்த்தல் ஆகிய இவை எல்லாம் இன்றே செய்யத்தக்க காரியங்கள்.

அணியின் மீது அபிமானம் கொண்ட ரசிகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இனி ஏலம் முடிந்ததும் எவ்வளவுக்கு யாரை வாங்கினார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், சென்ற ஆண்டு நின்ற தடுப்பில் எத்தனை பேர் இவ்வாண்டும் நிற்கிறார்கள், மாவட்டங்களிலிருந்து எத்தனை பேர் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள் என்றும் நிர்வாகத்தை விடாமல் கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்குத் தலைநிமிர்ந்து விடை சொல்லக்கூடிய நிர்வாகம் வாய்க்கும் வரை, பயிற்சியாளரை எத்தனை முறை மாற்றினாலும் பட்டியலில் அணியின் இடம் மாறப்போவதில்லை.